கையால் பிடித்தல்

பெருமாநல்லூர்
3.3.1962

கண்ணு சின்னாத்தாளுக்கு,

உன் ஐயன் வெள்ளியங்கிரி எழுதிக்கொள்வது. இது யாரிடமும் சொல்லி எழுதி வாங்கியதல்ல. நானே எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பார்த்தாலே தெரியும்.

கம்பெனியில் சாயங்காலம் ஐந்தரைக்கு வேலை விட்டதும் தகரக் கூரையின் கீழ் வகுப்பு நடக்கிறது. திருமூர்த்தி என்று ஒரு வாத்தியார். என்னைவிட முப்பது வயது இளையவர். போன ஆடியில் சேர்ந்தேன். அறுபத்துநாலு வயதில் ‘அ’ போட்டேன். இப்போது கடைப் பலகை, சுவர் நோட்டீஸ், மருந்துச் சீட்டு எதையும் விடுவதில்லை. போன வாரம் பஸ்ஸின் ஊர்ப்பலகையை நானே படித்து ஏறினேன். கண்டக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். “படிச்சது ஊத்துக்குளிதானுங்க, சரிதான். ஆனா நீங்க போகோணும்கிறது பெருமாநல்லூருங்களே” என்றார். படித்த சந்தோஷத்தில் ஊரை மறந்து ஏறியிருக்கிறேன். இறங்கி இரண்டு மைல் நடந்தேன். வழியில் மைல் கல்லையும் படித்தேன்.

இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகிறது. முதலில் சிலேட்டில் எழுதிப் பார்த்து, பிறகு காகிதத்தில் எழுதுகிறேன். ‘ழ’ போடும்போது நாக்கு வெளியே வந்துவிடுகிறது.

முதல் கடிதம் யாருக்கு என்று வாத்தியார் எல்லோரையும் கேட்டார். நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் விலாசம் உன் தம்பி பொங்கியண்ணனிடம் இருந்தது. அவன் உனக்கு எழுதுவது எனக்கு முன்பே தெரியும்.

ஒரு சங்கதி கேட்க வேண்டும். நான் இப்போது பனியன் பின்னும் மிஷினின் கைப்பிடி சுற்றுவதில்லை. எல்லாம் கரண்டில் ஓடுகிறது. பிட்டர் ஊசி கழற்றும்போது சிலிண்டரை ஆடாமல் பிடித்துக்கொள்வது என் வேலை. எங்கள் ஷெட்டுக் கதவின் மேல் ‘மெயின்டெனன்ஸ்’ என்று எழுதியிருக்கிறது. எட்டு வருஷமாக அதன் கீழே நுழைகிறேன். போன மாதம்தான் படித்தேன். அர்த்தம் கேட்டால் மேனேஜர் ரிப்பேர் என்கிறார். பிட்டர் நாச்சிமுத்து, எண்ணெய் விடுவது என்கிறான். அந்த லெட்டர் குமாஸ்தா இப்போது பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்தில் லத்தீன் சொல்லித் தருகிறாராமே. அவரைக் கேட்டு எழுது.

சொந்தக் கையெழுத்து,
வெள்ளியங்கிரி


பாண்டிச்சேரி
12.3.1962

ஐயனுக்கு,

கடிதம் வந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் பதில் எழுதவில்லை. பஸ் கதையைத் திரும்பப் படித்த பிறகுதான் நீங்கள் என்று தெரிந்தது.

அவர் இப்போது லெட்டர் குமாஸ்தா இல்லை. பதினோரு வருஷமாக என் வீட்டுக்காரர். பெயர் அந்துவான். உங்கள் கம்பெனி ஆபீசில் அவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது நீங்களும் அவரை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டீர்கள்.

கேட்டதற்குப் பதில். அந்தச் சொல் இரண்டு லத்தீன் சொற்கள் சேர்ந்தது. ‘மனு’ என்றால் கையால். ‘தெனேரே’ என்றால் பிடித்தல். கையால் பிடித்திருத்தல், அவ்வளவுதான். லத்தீன் பேசியவர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அந்த வினை மட்டும் ஊர் ஊராகப் போய் வேறு வேறு வேலை பார்க்கிறது என்று இவர் சொல்கிறார். இத்தாலியில் அதே ‘தெனேரே’. பிரெஞ்சில் ‘தெனீர்’. ஸ்பெயினில் ‘தெனேர்’, அங்கே தன்னிடம் வைத்திருப்பதற்கும் அதுதான். அவர்கள் வயதைச் சொல்லும்போதுகூட, இத்தனை வருஷம் வைத்திருக்கிறேன் என்றுதான் சொல்வார்களாம். இங்கிலீஷில் நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருப்பவன் ‘டெனன்ட்’. பிரெஞ்சில் ‘மென்த்னான்’ என்று ஒரு சொல் உண்டு. கையில் பிடித்திருக்கும்போது என்பது தேய்ந்து தேய்ந்து, இப்போது என்று ஆகிவிட்டது.

ஆத்தா செத்ததைத் தம்பி எழுதினான். பதினாறாம் நாள் முடிந்த பிறகு, உங்களுக்குத் தெரியாமல். உங்களுக்கு எழுதத் தெரியாது, சரி. தபாலாபீஸ் வாசலில் இரண்டணாவுக்கு எழுதித் தருகிறவர்கள் இருந்தார்களே.

சின்னாத்தாள்


பெருமாநல்லூர்
25.3.1962

கண்ணு சின்னாத்தாளுக்கு,

உன் கடிதத்தை ஷெட்டில் எல்லோருக்கும் நானே படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியை மட்டும் படிக்கவில்லை. நீ சொன்னது சரி.

சொல்லின் அர்த்தம் கேட்டு நாச்சிமுத்து சிரித்தான். “அப்ப இந்த ஷெட்டுல நெசமா மெயின்டெனன்ஸ் பண்றது நீங்க ஒருத்தர்தானுங்க மாமா. நாங்கெல்லாம் கழட்டறவங்க” என்றான். மேனேஜரிடம் போய், ரிப்பேர் இல்லீங்க, கையால் பிடிக்கிறதுங்க என்று சொன்னேன். “அதுக்குத்தான் சம்பளம், போய்ப் பிடிங்க” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்றெல்லாம் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்த லத்தீன்காரர்களை நினைத்துக்கொண்டேன். நான் அறுபத்துநாலு வருஷம் வைத்திருக்கிறேன், கண்ணு. ஸ்பெயின் ஊர்க் கணக்கு.

பொங்கியண்ணனுக்கு வைகாசி எட்டாம் தேதி கல்யாணம். பெண் வெள்ளகோவில். அவன் எழுத வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இணைச்சீருக்குக் கூடப் பிறந்தவள் நீ ஒருத்திதான். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருந்தால் மறுமுனை உன் கையில் இருக்க வேண்டும். உன் பெரியப்பா மகள் கருப்பாத்தாளை நிற்கச் சொல்லலாம் என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. உன் ஆத்தா இருந்திருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

நீ வந்து பிடிக்க வேண்டும்.

சொந்தக் கையெழுத்து,
வெள்ளியங்கிரி


பாண்டிச்சேரி
4.4.1962

ஐயனுக்கு,

உங்கள் கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு ஒரு வாரம் இருந்தேன். தினமும் அரிசி எடுக்கும்போது கையில் பட்டது.

வரச் சொல்கிறீர்கள். ஐம்பத்தொன்றில் ரிஜிஸ்தர் தபாலில் எனக்கு ஒரு காகிதம் வந்தது. உங்கள் ரேகை வைத்தது. இன்னொரு பிரதி பெரியப்பா கந்தப்பனிடம் இருப்பதாக அதிலேயே எழுதியிருக்கிறது. அதை அப்படியே பார்த்து எழுதுகிறேன். இப்போதுதான் உங்களுக்குப் படிக்கத் தெரியுமே.

‘என் மகள் சின்னாத்தாள் வேற்று மதத்தானுடன் போய்விட்டபடியால், இன்று முதல் அவளை இறந்துபோனவளாகக் கொள்கிறேன். என் வீட்டு நல்லது கெட்டது எதிலும் அவளுக்கு இடமில்லை. இது என் முழு மனதோடு வைத்த ரேகை. வெள்ளியங்கிரி, இடது கைப் பெருவிரல்.’

இந்தப் பதினோரு வருஷமும் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயனுக்கு எழுத்துத் தெரியாது. பெரியப்பா எதையோ சொல்லி ரேகை வாங்கியிருப்பார். நிலத்தில் பங்கில்லை என்று சொல்லியிருப்பார், ஐயனும் வைத்திருப்பார். இவரிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இவர் ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார்.

அதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வைத்தீர்கள் என்றால் ஒரு வரி எழுதுங்கள். வருகிறேன். தெரிந்து வைத்திருந்தால் நான் வந்து நிற்க முடியாது. செத்தவள் எப்படிச் சேலை பிடிப்பாள்?

சின்னாத்தாள்


பெருமாநல்லூர்
17.4.1962

கண்ணு சின்னாத்தாளுக்கு,

நீ எழுதி அனுப்பியதை இரண்டு நாள் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

எனக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. நிலத்தில் உனக்குப் பங்கில்லை என்ற காகிதம் என்றுதான் உன் பெரியப்பா சொன்னார். அன்று எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. விரலைப் பிடித்து மையில் தோய்த்தார்கள், வைத்தேன்.

வா, கண்ணு. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நான் இருக்கிறேன்.

சொந்தக் கையெழுத்து,
வெள்ளியங்கிரி


பாண்டிச்சேரி
28.4.1962

அன்புள்ள ஐயனுக்கு,

கடிதத்தை முற்றத்தில் நின்று படித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, என்ன நல்ல சேதியா என்று கேட்டாள். என் ஐயன் எழுதியிருக்கிறார் என்றேன். பதினோரு வருஷத்தில் அவளிடம் நான் ஐயன் என்ற சொல்லைச் சொன்னதில்லை.

உங்கள் கையெழுத்து அழகாகிவிட்டது. இந்தக் கடிதத்தில் ஓர் அடித்தல்கூட இல்லை.

வைகாசி ஐந்தாம் தேதி கிளம்புகிறேன். இவர் வரமாட்டார். கூப்பிடாத இடத்துக்கு வருவது முறையில்லை என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை. மகளை இவரிடம் விட்டு வருகிறேன். எட்டு வயது. பெயர் மரி பழனாயி. ஆத்தா பெயரை வைக்கச் சொன்னது இவர்தான். தம்பியிடம்கூட இதைச் சொல்லவில்லை. உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

அந்த வினையைப் பற்றி இன்னொன்றும் உங்களுக்கு எழுதச் சொன்னார். பிடித்தல் என்று ஆவதற்கு முன்னால் அதன் வேருக்கு இழுத்து நீட்டுதல் என்று அர்த்தமாம். நம் பக்கம் சமஸ்கிருதத்தில் நூலுக்குச் சொல்லும் ‘தந்து’வும், தபாலாபீஸ் தந்தியும் அதே வேர் என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம். ரோமாபுரிக்கும் திருப்பூருக்கும் ஒரே நூல் என்று சொல்லிச் சிரிக்கிறார். நாச்சிமுத்துவிடம் படித்துக் காட்டுங்கள்.

கட்டிக்கொள்ள அரக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறேன். இணைச்சீருக்கு எடுத்து வரும் பேழைமூடிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொள்வதா, தலையிலா? மறந்துவிட்டது. வந்து கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மகள்,
சின்னாத்தாள்


பாண்டிச்சேரி
2.6.1962

ஐயனுக்கு,

சாப்பிடாமல் போனதாகத் தம்பி வருத்தப்பட்டு எழுதியிருக்கிறான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை. மணவறையை விட்டு எழுந்திருக்க அவனால் முடியாது.

நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அதனால்.

நான் பேழைமூடியோடு வந்து நின்றேன். தம்பி சேலை முனையை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கிவிட்டேன். ஐந்து எண்ணுவதற்குள் இருக்கும், அவ்வளவு நேரம் பிடித்திருந்தேன். கல்யாணத்தை நடத்திவைக்கிற அருமைக்காரர் பெரியப்பாதான் என்று நீங்கள் எழுதவில்லை. அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “கண்ணு, நீ வந்தது ரொம்பச் சந்தோசம். இருந்து சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும். பேழைமூடிய மட்டும் கீழ வெச்சிரு சாமி. இது உசுரோட இருக்கறவிய பண்ற சீரு.”

நான் சொன்னேன். “எங்கய்யனுக்கு அந்தக் காயிதத்துல என்ன இருந்துச்சுன்னே தெரியாதுங்க பெரியப்பா.”

அவர் ஆச்சரியப்பட்டார். நடிப்பு இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “ஆரு சொன்னா? ரெண்டு வாட்டி படிச்சுக் காட்டினேனே. மொத ரேகை மை ஈசிக் கலங்கிப்போச்சுன்னு உங்கய்யனே வெரலத் தொடச்சுட்டு மறுக்கா வெச்சானே.”

பந்தலில் எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நீங்கள் தோரணத்தில் அவிழ்ந்த மாவிலையைக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். அது அவிழ்ந்திருக்கவில்லை. கருப்பாத்தாள் என் கையிலிருந்து சேலையை வாங்கிக்கொண்டாள்.

ஒருவரைப் போகவிடாமல் நிறுத்திவைப்பதற்கு இங்கிலீஷில் ‘டிடெய்ன்’ என்பார்கள். அதுவும் அதே வினைதானாம். நான் கேட்கவில்லை, என்றோ இவர் சொன்னது, பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது.

இரண்டு முறை படித்துக் காட்டினாரா? ஒரு சொல்லில் எழுதுங்கள்.

சின்னாத்தாள்


பெருமாநல்லூர்
20.6.1962

சின்னாத்தாளுக்கு,

ஆமாம்.

நீ ஒரு சொல் கேட்டாய். அதை எழுதிவிட்டேன். இதற்கு மேல் எழுதுவதைப் படிக்காவிட்டாலும் சரி.

உன் பெரியப்பா நிறுத்தி நிறுத்திப் படித்தார். ‘இறந்துபோனவளாக’ என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்தார். நான், படியுங்க என்றேன். மறுபடி முதலிலிருந்து படித்தார். உன் ஆத்தா உள்ளே இருந்து, வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று சொன்னது கேட்டது. முதல் ரேகை ஈசிவிட்டது. அவர் அதுவே போதும் என்றார். நான்தான் வேட்டியில் விரலைத் துடைத்து, மறுபடி தோய்த்து, மூச்சை அடக்கி அழுத்தி வைத்தேன். உன்னிடம் வரும்போது நன்றாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

பங்குனிக் கடைசியில் உன் கடிதம் வந்தபோது, நீ வருவதற்கு என்ன எழுத வேண்டும் என்று நீயே எழுதியிருந்தாய். நான் அதைப் பார்த்து எழுதினேன். எழுத்துத் தெரியாதவன் என்று எழுதுவதற்கு எழுத்துப் பழகினேன். மற்றக் கடிதமெல்லாம் நாலு நாள், ஐந்து நாள் ஆயிற்று. அது ஒரே நாளில் முடிந்தது. அடித்தல் இல்லை என்று நீ மெச்சினாய். எடுத்துப் பார், இல்லைதான்.

பெரியப்பாவிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பார் என்று தெரியும். பந்தலில் நீ வந்து நின்றுவிட்டால் யார் பேசுவார்கள் என்று நினைத்தேன். நான் இருக்கிறேன் என்று எழுதினேன். இருந்தேன். நீ பார்த்தாய்.

இந்தக் கடிதத்துக்குப் பதினோரு நாள் ஆயிற்று. ‘ஆமாம்’ என்பதை எட்டு நாள் சிலேட்டிலேயே வைத்திருந்தேன். வாத்தியார் பார்த்துவிட்டு, எழுத்து சரியாகத்தானே இருக்கிறது, ஏன் அழித்து அழித்து எழுதுகிறீர்கள் என்று கேட்டார்.

வெள்ளியங்கிரி


பாண்டிச்சேரி
9.7.1962

ஐயனுக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்து, இதை நீ பத்திரமாக வைத்துக்கொள் என்றார்.

உங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதை வைத்துக்கொண்டு நான் பதினோரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். அதை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். பொய்யிலேயே விட்டிருக்கலாமே என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றவில்லை.

மரி பழனாயி கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாள். அப்புச்சி எப்படி இருந்தார் என்று கேட்டாள். தோரணம் கட்டிக்கொண்டிருந்தார் என்று சொன்னேன்.

இத்துடன் அந்தக் காகிதத்தை அனுப்புகிறேன். பிரதியல்ல, எனக்கு ரிஜிஸ்தரில் வந்ததே. கிழிக்க நினைத்தேன், கை வரவில்லை. எரிக்கவும் வரவில்லை. இவ்வளவு நாள் நான் பிடித்திருந்தேன். இனி நீங்கள் பிடியுங்கள்.

சின்னாத்தாள்


பெருமாநல்லூர்
30.7.1962

சின்னாத்தாளுக்கு,

காகிதம் வந்தது. மடித்த இடமெல்லாம் விட்டுப்போயிருக்கிறது. பின்பக்கம் பசை போட்டு ஒட்டியிருக்கிறாய். இரண்டு இடத்தில்.

சாப்பாட்டு நேரத்தில் ஷெட்டில் யாரும் இல்லாதபோது வாய்விட்டுப் படித்தேன். பெரியப்பா இரண்டு முறை படித்தார், இது மூன்றாவது. ‘முழு மனதோடு’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு முடித்தேன்.

என் விரலை அந்த ரேகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காகிதத்தில் ஒவ்வொரு வரியும் தெளிவாக இருக்கிறது. என் விரலில் இப்போது வரியே இல்லை. எண்ணெயிலும் ஊசியிலும் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. மையில் தோய்த்து வேறொரு தாளில் வைத்தேன். வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. இரண்டும் ஒருவன் விரல் என்று எந்தக் கோர்ட்டிலும் சொல்லமாட்டார்கள். அதனால் அது நான் வைத்ததல்ல என்று சொல்லமாட்டேன்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சிலிண்டரைப் பிடிக்கக் குனியும்போது நெஞ்சில் இடிக்கிறது. நாச்சிமுத்து, “என்னுங்க மாமா அது, அடகுச் சீட்டுங்களா?” என்று கேட்டான். இல்லை, என் கையெழுத்து என்றேன்.

பேழைமூடியை இடுப்பில் வைப்பதா, தலையிலா என்று நீ கேட்டிருந்தாய். அன்று சொல்ல நேரம் வரவில்லை. இடுப்பில், கண்ணு. இடப்பக்கம். நீ சரியாகத்தான் வைத்திருந்தாய்.

இதற்குப் பதில் வேண்டாம். தபால்காரர் பன்னிரண்டே முக்காலுக்குக் கம்பெனி கேட்டுக்கு வருவார். எங்களுக்குச் சாப்பாட்டுக்கு விடுவது பன்னிரண்டரை. நான் கேட்டுப் பக்கம்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். அங்கே வேப்பமர நிழல் இருக்கிறது.

வெள்ளியங்கிரி